மீன் வாடை படாத பெருஞ்சீரகம்

"மதினி, உங்க ஃப்ரிட்ஜ்ல மீன் கிடக்கா?"

போன வாரம் ஒரு மத்தியானம், வாசலில் நின்றபடியே கேட்டான் ஜெபராஜ். என் கணவரின் தம்பி. கப்பல்களுக்குக் காய்கறி, மளிகை சப்ளை செய்யும் தொழிலைச் சமீபத்தில்தான் ஆரம்பித்திருக்கிறான். கையில் ஒரு தெர்மாகோல் பெட்டி.

தூத்துக்குடியில் மீன் இல்லாத ஃப்ரிட்ஜைத் தேடுவது என்பது... சரி, விடுங்கள். அப்படி ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அன்றைய மீனை அன்றே தின்று முடிக்க வேண்டும், ஃப்ரிட்ஜுக்குள் ஏற்றக்கூடாது என்பது என் சட்டம். இதற்காக என்னைக் கேலி செய்யாத ஆள் குடும்பத்தில் கிடையாது, ஜெபராஜ் உட்பட.

பெட்டியைத் திறந்தான். வெள்ளை வெளேரென்று குண்டு குண்டாக ஏதோ. மேலே பச்சைத் தண்டு, நுனியில் முடி முடியாக இலை.

"என்னலே இது, வெங்காயத்துக்கு வால் முளைச்சிருக்கு?" என்றார் கணவர்.

"பெருஞ்சீரகம்ணே. விதை இல்ல, பச்சைச் செடி."

முகர்ந்து பார்த்தேன். ஓட்டலில் பில்லோடு சோம்பு போட்டு ஒரு தட்டு வைப்பார்களே... அதே வாசனை.

விஷயம் இதுதான். இங்கே வரவேண்டிய ஒரு கப்பலின் இத்தாலிக்காரச் சமையல்காரர் இதைக் கேட்டிருக்கிறார். இவனும் பெங்களூருக்குச் சொல்லி வரவழைத்துவிட்டான். கப்பல்தான் வரவில்லை. துறைமுகத்துக்குள் இடம் கிடைக்காமல் வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது. காய் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் அந்தக் கம்பெனியின் மற்ற கப்பல்களும் இவனுக்கு. வாடிப்போனால்? சப்ளையருக்கா இந்த ஊரில் பஞ்சம்? இவன் வீட்டு ஃப்ரிட்ஜிலோ இறாலும் நெத்திலியும். அந்த வாடை இதில் ஏறினால் கதை முடிந்தது.

யூடியூபிடம் கேட்டேன். தண்டை வெட்டிவிடு, இல்லாவிட்டால் அது கிழங்கின் ஈரத்தை இழுத்துவிடும். கழுவாதே. ஈரத்துணியில் சுற்றி, கவரில் போட்டு, காய்கறித் தட்டில் வை. ஆப்பிளைப் பக்கத்தில் விடாதே. எல்லாம் செய்தேன். வெட்டிய இலையைத் தூரப் போட மட்டும் மனசு வரவில்லை. கீரை மாதிரி இருந்ததே! ஈரத் துணியில் பொதிந்து ஒரு டப்பாவில் அடைத்து வைத்தேன்.

அடுத்த நாள் ராத்திரிச் சாப்பாடு முடிந்த பிறகு கணவர் அரைச் சீலா மீனோடு வந்தார். சிநேகிதர் கொடுத்தாராம். "ஒரு ராத்திரிதானளா..." என்று இழுத்தார். நான் ஃப்ரிட்ஜ் கதவில் சாய்ந்து நின்றுகொண்டேன். மீன் பக்கத்து வீட்டுக்குப் போனது. மறுநாள் காலை கணவர் என்னிடம் கேட்காமல் தானே காபி போட்டுக் குடித்தார்.

ஒருவழியாகக் கப்பல் உள்ளே வந்தது. ஜெபராஜ் கிழங்குகளை அள்ளிக்கொண்டு ஓடினான். கொஞ்ச நேரத்தில் போன்.

"மதினி, அந்த இலையத் தூரப் போட்டுட்டியளா? அது எங்கனு சமையல்காரரு கேக்காரு. முகமே சரியில்ல."

பயந்துதான் போனேன். இலையும் வேண்டியிருக்கும் என்று எனக்கு என்ன தெரியும்? டப்பாவைத் திறந்தேன். நல்லவேளை, வாடவில்லை. கணவர் பைக்கில் கொண்டுபோய்த் துறைமுக வாசலில் கொடுத்துவிட்டு வந்தார்.

சாயங்காலம் ஜெபராஜ் வந்தான். முகத்தில் சிரிப்பு.

"அடுத்த கப்பலுக்கும் நம்மகிட்டதான் வாங்கணும்னு சொல்லுதாரு மதினி."

"நல்லது. ஆமா, அந்த இலைய வச்சு என்ன செய்வாராம்?"

"பொடிப்பொடியா நறுக்கி, சாளை மீனோட சேத்துச் சமைப்பாராம். மீன் இல்லாம அதுல ருசியே இல்லையாம்."

கணவர் என்னைப் பார்த்தார். பிறகு ஃப்ரிட்ஜைப் பார்த்தார்.

மறுநாள் காலை பாலெடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். உள்ளே கணவர் வைத்த இன்னொரு அரைச் சீலா... பாலை மட்டும் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன்.