சுண்டலுக்குக் காட்டிய சாம்பிராணி

முப்பத்திரண்டு வருடம் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவர் குணமணி அம்மா. அடுத்தவர் பிழையைக் கண்டுபிடிப்பதில் கில்லாடி. வேலையிலிருந்து ஓய்வு பெற்று நான்கு வருடமாகியும் அவருடைய சிவப்புப் பேனா மட்டும் ஓய்வு பெறவில்லை. மின்தூக்கியில் ஒட்டிய அறிவிப்பில் தமிழ் தப்பாக இருந்தால் அங்கேயே நின்று திருத்திவிட்டுத்தான் இறங்குவார். "மன்னிச்சுக்கங்க" என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. அதற்கான தேவை இதுவரை ஏற்படவில்லை என்பது அவர் கட்சி.

தேக்காவில், வீவக என்கிற அரசு அடுக்குமாடிக் குடியிருப்பின் பத்தாவது மாடி வீட்டில் அவரும் துரையும் மட்டும். துரை ஒன்பது வயதுப் பூனை. வீவக வீட்டில் பூனை கூடாது என்றிருந்த காலத்திலேயே அவனை ஒளித்து வளர்த்தவர், ஊருக்கெல்லாம் சட்டம் பேசிய இதே குணமணிதான். கேட்டால், "துரை பூனை இல்ல, குடும்பம்" என்பார். பிறகு இரண்டு பூனை வரை வளர்க்கலாம் என்று அனுமதி வந்தது. நாள் முழுக்க ஜன்னல் வலையோரம் தூங்கி வழிகிறவனுக்கு ஒரு துணை இருந்தால் என்ன என்று தோன்றியது.

குட்டியைக் கொடுத்தவள் சாதியா. ஜாலான் புசாரில், கீழே கடையும் மேலே வீடுமான ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருக்கிறாள். பகலில் மருந்துக்கடை வேலை; மிச்ச நேரமெல்லாம் தெருவில் கிடைத்த குட்டிகளைத் தேற்றி, நல்ல வீடு பார்த்து அனுப்புவது. சுண்டல் என்று அவள் பெயர் வைத்திருந்த புள்ளிக்குட்டியோடு, பத்து வரி எழுதிய ஒரு தாளையும் தந்தாள். குட்டியைத் தனி அறையில் வைக்க வேண்டும். இரண்டும் படுக்கும் துண்டுகளை மாற்றிப் போட வேண்டும். மூடிய கதவின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சாப்பாடு வைக்க வேண்டும்.

"பூனைக்கு அடையாளம் கண்ணுல இல்ல ஆண்ட்டி, மூக்குல. அவசரப்பட வேணாம் லா."

"எனக்கா சொல்றே?" என்றார் குணமணி. வீட்டுக்கு வந்ததும் தாளைக் குளிர்பெட்டியில் ஒட்டி, வரிக்கு வரி சிவப்பில் சரி போட்டுக்கொண்டே வந்தார். பத்தாம் நாள் துரை கதவிடுக்கில் மூக்கை வைத்து மோந்துவிட்டு, அங்கேயே நிம்மதியாகப் படுத்துத் தூங்கினான். கதவைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி.

அன்று வெள்ளிக்கிழமை. நல்ல காரியம் தொடங்குமுன் திருஷ்டி கழிக்க வேண்டாமா? குணமணி குட்டியின் அறையில் தூபக்காலில் சாம்பிராணி போட்டு, சுண்டலைக் கையில் எடுத்து, புகைமேல் மூன்று சுற்று சுற்றினார். அது தும்மத் தும்ம, உடம்பெல்லாம் படட்டும் என்று புகையிலேயே பிடித்து வைத்திருந்தார். பிறகு கூடத்துக்குக் கொண்டுபோய்த் துரையின் முன்னால் இறக்கிவிட்டார்.

துரை ஒருமுறை மோந்தான். காது இரண்டும் பின்னால் போயின. அடுத்த நொடி குட்டிமேல் பாய்ந்து கடித்துவிட்டான். பயந்து அலறிய குட்டியைப் பிரிக்கப் போன குணமணியின் கையில் நான்கு கீறல். "சனியனே!" என்று வீடு அதிரக் கத்தி, குட்டியைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிப் பைக்குள் அடைத்து, அப்போதே சாதியாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"இன்னிக்குப் புதுசா ஏதாவது பண்ணீங்களா ஆண்ட்டி?"

"புதுசா ஒண்ணும் பண்ணல."

பொய்யில்லை. சாம்பிராணி எப்படிப் புதுசாகும்?

அதோடு விட்டாரா? பூனை வளர்ப்பவர்கள் அறுபது பேர் இருக்கும் வாட்ஸப் குழுவில் கீறல் பட்ட கையைப் படமெடுத்துப் போட்டு, குரல்பதிவும் அனுப்பினார். "சாதியா குடுக்கிற குட்டி எல்லாம் அடங்காத குட்டி. தெரிஞ்சே என் தலையில கட்டிட்டா. யாரும் வாங்காதீங்க." சாதியா ஒரு வார்த்தை பதில் போடவில்லை. வாயடைத்துப் போய்விட்டாள் என்று குணமணி திருப்திப்பட்டுக்கொண்டார்.

அடுத்த வெள்ளி வந்தது. வீடெல்லாம் சாம்பிராணி காட்டி முடித்து, கட்டிலுக்கடியிலிருந்து எட்டிப் பார்த்த துரையை மடிக்கு இழுத்தார். அவன் சேலையை மோந்தான். காது பின்னால் போயிற்று. பல்லைக் காட்டிச் சீறிவிட்டு, மறுபடி கட்டிலுக்கு அடியில் ஓடிப் புகுந்துகொண்டான். சாம்பிராணி போட்டால் அவன் கட்டிலுக்கடியில் போவது ஒன்பது வருடப் பழக்கம், குணமணிக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த முகம்! சுண்டலைப் பார்த்துக் காட்டிய அதே முகம்.

எழுந்துபோய்க் குளிர்பெட்டியில் இருந்த தாளைப் படித்தார். ஏழாவது வரி: "சேர்க்கும் நாளில் குட்டிமேல் வேறு வாசனை படக்கூடாது. சோப்பு, பவுடர், புகை எதுவும்." பக்கத்தில் சிவப்பில் சரி. அவர் கையால் போட்ட சரி. பவுடர் போடப்போவதில்லை என்ற நினைப்பில் போட்டது. அடுத்த சொல்லைப் படிக்கவே இல்லை.

வீட்டில் ஆளில்லாதபோதும் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் தாளோடு ஜாலான் புசார் போனார். சாதியாவிடம் தனியாகச் சொல்லிவிட்டால் போதும், குழுவுக்கெல்லாம் எதற்கு என்று வழி நெடுக மனசுக்குள் வாதாடினார். சாதியா கதவைத் திறந்ததும் கேட்டது, "கை எப்படி இருக்கு ஆண்ட்டி?"

குணமணி கீறல் பட்ட கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டார்.

"தப்பு என்னோடதுதான்," என்றாள் சாதியா. "இன்னும் ரெண்டு வாரம் வச்சிருந்து குடுத்திருக்கணும். யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன்."

அப்பாடா என்றிருந்தது குணமணிக்கு. ஒரே ஒரு கணம்தான். அப்படி ஒரு நிம்மதி தனக்கு வந்ததை நினைத்தபோது வந்த வெட்கம், தாளைப் படித்தபோது வந்ததைவிடப் பெரிது. தாளை நீட்டி ஏழாவது வரியில் விரலை வைத்தார்.

"சாம்பிராணி காட்டினேன் மா. புகையிலேயே பிடிச்சு வச்சிருந்தேன்."

சாதியா தாளை வாங்கி அந்த வரியைப் படித்தாள். "நான் கேட்டேனே ஆண்ட்டி."

"கேட்டே."

"ரெண்டு பேர் குட்டி வேணாம்னுட்டாங்க. எனக்கே என் மேல டவுட் வந்திருச்சு." அவள் கண் கலங்கியது.

குணமணி அங்கேயே போனை எடுத்தார். குழுவுக்குக் குரல்பதிவைத் தொடங்கினார். "நான் குணமணி பேசறேன். சாதியா பத்தி நான் சொன்னது தப்பு. அவ எழுதிக் குடுத்ததை ஒழுங்காப் படிக்காம, குட்டிக்குச் சாம்பிராணி காட்டினது நான். கடிபட்டது குட்டி, பழி போட்டது நான். சாதியா, எல்லார் முன்னாலயும் கேக்கறேன், என்னை மன்னிச்சுக்க மா." அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார்.

மூலையில், கூண்டின் கடைசியில், சுண்டல் சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குணமணி கையை நீட்ட நீட்ட இன்னும் ஒடுங்கியது.

"இன்னிக்குத் தலைக்குக் குளிச்சிட்டு வந்திருக்கேன்," என்றார் குணமணி அவசரமாக. "சாம்பிராணி வாசனையே இல்ல."

"அது சாம்பிராணிக்குப் பயப்படல ஆண்ட்டி," என்றாள் சாதியா மெதுவாக. "உங்களுக்குத்தான்."

குணமணி கையை இழுத்துக்கொண்டார். கூண்டுக்கு நான்கடி தள்ளித் தரையில் உட்கார்ந்தார். குட்டி வரும் என்ற நம்பிக்கையில் அல்ல. எழுந்து போக முகமில்லை.