பிரசிடெண்டம்மா வீட்டு வண்டி

மதினி ஊராட்சித் தலைவராக ஜெயித்த அன்று, முதல் மாலை விழுந்தது என் அண்ணன் கழுத்தில்தான். ஓட்டு எண்ணிய கட்டடத்துக்கு வெளியே வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள். சான்றிதழை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மதினி படியிறங்கி வந்தாள். மாலையோடு நின்ற கூட்டம் அவளுக்கு வழிவிட்டு, அவளைத் தாண்டிப் போய் அண்ணனைத் தோளில் தூக்கியது. கொஞ்ச நேரம் கழித்து யாருக்கோ ஞாபகம் வந்து, ஒரு சால்வையை என் கையில் திணித்து, "உங்க மதினிக்கு நீ போடுத்தா" என்றார்கள். அடுத்தவன் பெண்டாட்டிக்கு ஆம்பளைகள் சால்வை போடக்கூடாதாம். அண்ணனுக்குத்தான் தேர்தலில் நிற்க ஆசை. அந்த முறை எங்கள் ஊராட்சியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். வீட்டில் ஒரு பெண் இருந்தாள், நிறுத்தினார்கள், அவ்வளவுதான் விஷயம். நான் போட்ட சால்வை தோளில் நிற்காமல் சரிந்துகொண்டே இருந்தது. "ஏத்தா, வீட்டுக்குப் போவமா? புள்ள பசியோட கிடக்கும்" என்றாள். ஜெயித்த பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அது.

உசிலம்பட்டிக்கு மேற்கே மானத்தைப் பார்த்து விதைக்கிற ஊர் எங்களுடையது. நான் அப்போது அண்ணன் வீட்டில் இருந்தேன். கட்டிக்கொடுத்த இடத்தில் ஒத்துவராமல் பெட்டியோடு திரும்பி வந்தவள். திரும்பி வந்தவளுக்கு வீட்டில் சோறு உண்டு, அபிப்பிராயம் கிடையாது. அதனால் மதினிக்குத் துணையாக ஆபீஸ்களுக்குப் போகிற வேலை வந்தபோது நான் சந்தோஷமாகவே கிளம்பினேன். மதினி வேறு யாருமில்லை, என் மாமன் மகள். உள்ளூர்த் தொடக்கப் பள்ளியில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தோம். என்னை மேலே படிக்க அனுப்பினார்கள், அவளை ஐந்தாவதோடு நிறுத்திக் களையெடுக்க அனுப்பினார்கள். எங்களில் நன்றாகப் படித்தவள் அவள். அதை நான் சொன்னால் சிரிப்பாளே தவிர மறுக்க மாட்டாள்.

எங்கள் வீடு பிழைத்தது ஒரு மஞ்சள் வேனால். ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு உசிலம்பட்டியில் இருந்த ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் விட்டு, சாயந்தரம் கூட்டிவருவதுதான் அண்ணனின் தொழில். காலையில் ஹாரன் சத்தம் கேட்டால் பாதி ஊர் அல்லோலகல்லோலப்படும். பிள்ளை வாயில் இட்லியைத் திணித்தபடியே தாய்மார் ஓடிவருவார்கள். வேன் கிளம்பிப் போன பிறகு, காலில் செருப்பில்லாமல் சில பிள்ளைகள் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவது தெரியும். பெரும்பாலும் கிழக்குத் தெருப் பிள்ளைகள், ஆடு மேய்க்கிறவர்கள் பிள்ளைகள். இங்கிலீஷ் ஆசையில் பள்ளியை விட்டுப் போனவர்கள் பாதி என்றால், கிழக்குத் தெருப் பிள்ளைகளோடு தங்கள் பிள்ளையை உட்கார வைக்கப் பிடிக்காமல் போனவர்கள் மீதி. இந்த இரண்டாவது காரணத்தை மட்டும் எங்கள் ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

மதினி தலைவரான மறுவருஷம் பள்ளியை மூடப்போவதாகச் செய்தி வந்தது. மூடுவது என்று அதிகாரிகள் சொல்லவில்லை. பிள்ளைகள் குறைந்துவிட்டதால் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு இணைக்கிறோம் என்றார்கள். பக்கத்து ஊர் என்பது தேனி ரோட்டுக்கு அந்தப் பக்கம். லாரியும் பஸ்ஸும் கண்மண் தெரியாமல் பறக்கிற ரோடு. அதைக் கடந்து, கருவேலங்காட்டுக்குள் வெகுதூரம் நடக்கவேண்டும். பெரியவர்களே ஆள் துணையில்லாமல் போக யோசிப்பார்கள்.

கிராம சபையைக் கூட்டினோம். வேப்பமரத்தடியில் அன்றைக்கு வந்த கூட்டம் நூறு நாள் வேலைக்குக்கூட வந்ததில்லை. முதலில் எழுந்து முழங்கியவன் என் அண்ணன்தான். "எங்க அப்பன் படிச்ச பள்ளிக்கூடம்யா இது! எவன் வந்து பூட்டுறான்னு பாக்குறேன்!" என்று துண்டை உதறித் தோளில் போட்டான். அவன் நடிக்கவில்லை, கண் கலங்கியிருந்தது. காலையில் அதே பள்ளிக்கூட வாசலில் நின்றுதான் ஹாரன் அடித்துப் பிள்ளைகளை ஏற்றிப் போயிருந்தான். அந்த இரண்டும் ஒன்றோடொன்று இடிக்கும் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. தீர்மானத்துக்குச் சம்மதமா என்று கேட்டதும் கூட்டம் மொத்தமும் கை தூக்கியது. அப்போது பின்னால் கம்போடு நின்றிருந்த ஆட்டுக்காரம்மா கேட்டாள். அவள் மகள் அந்தப் பள்ளியில் மூணாவது படித்துக்கொண்டிருந்தாள்.

"கை தூக்குனவுக அம்புட்டுப் பேரும் நாளைக்கு உங்க புள்ளைகளக் கூட்டியாருவீகளா?"

தூக்கிய கைகள் மெல்ல இறங்கின. யாரோ இருமினார்கள். நல்லவேளையாக டீ வந்துவிட்டது. மதினி மட்டும் டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, ஆட்டுக்காரம்மா போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தீர்மானத்தை எடுத்துக்கொண்டு கல்வி அதிகாரியைப் பார்க்கப் போனோம். அண்ணன்தான் வண்டியில் கூட்டிப்போனான். அதிகாரி நல்ல மனுஷன், எழுந்து நின்று வணக்கம் சொன்னார். வணக்கம் அண்ணனுக்கு. நாற்காலியும் அண்ணனுக்கு. "சொல்லுங்க பிரசிடெண்ட்" என்று அவனைப் பார்த்துத்தான் கேட்டார். அதுவரை எந்த ஆபீசிலும் வாய் திறக்காத மதினி, "அவுக வேன் ஓட்டுறவுக சார். பிரசிடெண்டு நானு" என்றாள். அண்ணன் முகம் கறுத்தது. எனக்கு உள்ளுக்குள் விசில் அடிக்கவேண்டும் போலிருந்தது. அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அதிகாரி அவள் பக்கம் திரும்பி, மரியாதையாகவே கேட்டார்: "சரிம்மா. பள்ளிக்கூடத்த மூடக்கூடாதுங்கிறீங்க, நியாயம். உங்க பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்துலம்மா படிக்குது?"

மதினி கையிலிருந்த தீர்மானத்தை அவர் மேஜைமேல் வைத்தாள். அண்ணன் மகள் தினமும் எங்கள் வேனில் முன் சீட்டில் உட்கார்ந்து உசிலம்பட்டிக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று, மதினி மகளைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு போய் உள்ளூர்ப் பள்ளியில் சேர்த்தாள். யாரிடமும் கேட்கவில்லை. அங்கே ஒற்றை ஆளாக இருந்த பெரிய டீச்சர், பதிவேட்டில் பெயர் எழுதும் முன் "நிஜமாத்தானம்மா?" என்று இரண்டு தடவை கேட்டார். அன்றைக்குச் சாயந்தரம் எங்கள் வீட்டில் நடந்ததைச் சண்டை என்று சொல்ல முடியாது, அண்ணன் குரலே உயரவில்லை. "நம்ம வண்டியில நம்ம புள்ளையே ஏறலேன்னா, ஊர்க்காரன் எதுக்குடி ஏத்துவான்? இந்த வீட்டுல உல கொதிக்க வேணாமா?" என்று மட்டும் கேட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை என்பதுதான் கொடுமை. மதினியும் அதைத் தப்பு என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து அண்ணன் அவள் கையால் சோறு வாங்கவில்லை, நான்தான் போட்டேன். ஒரே வீட்டுக்குள் இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரி வேலை பார்த்தேன். யார் பக்கம் பேசினாலும் எனக்குத்தான் இடம் போகும் என்ற பயத்தில், சோற்றை மட்டும் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

தன் பிள்ளையைச் சேர்த்துவிட்டால் மற்றவர்களும் பின்னால் வந்துவிடுவார்கள் என்று மதினி நிஜமாகவே நம்பினாள். வீடு வீடாகப் போனோம். எல்லா வீட்டிலும் பாய் விரித்தார்கள், காபி கொடுத்தார்கள். "அடுத்த வருசம் பாப்போம் பிரசிடெண்டம்மா" என்றார்கள். "ரெண்டே டீச்சராச்சும் போடச் சொல்லுங்க, அப்புறம் சேக்குறோம்" என்றார்கள். பிள்ளை வந்தால் டீச்சர் வரும் என்றார் அதிகாரி. டீச்சர் வந்தால் பிள்ளை வரும் என்றது ஊர். ஒன்றியக் கவுன்சிலரோ, இது மேலிடத்து முடிவு, தன் கையில் இல்லை என்று சொல்லிவிட்டுக் கல்யாண வீட்டுக்குக் கிளம்பிப் போனார். செக்கு மாடு மாதிரி இதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தோம். ஒரு வீட்டில் மட்டும் ஒரு பெண் உண்மையைச் சொன்னாள். "நீங்க சேக்குறது அரசியலு மதினி. நாளைக்கே பதவி போனா உங்க புள்ளையத் தூக்கி வண்டியில போட்டுக்கிருவீக. இங்கிலீசுப் பள்ளிக்கூடத்துல எங்க புள்ளைக்கு மறுபடி யாரு எடம் குடுப்பா?" வெளியே வந்ததும் மதினி தெருக்குழாயில் முகத்தைக் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள்.

வருஷம் முடியும்போது பெரிய டீச்சருக்கு மாறுதல் வந்தது. வேறு ஆள் போடவில்லை. மறு ஜூனில் பள்ளிக்குப் பூட்டு. பக்கத்து ஊர்ப் பள்ளிப் பதிவேட்டில் எங்கள் பிள்ளைகள் பெயரையெல்லாம் சேர்த்துவிட்டார்கள், பிள்ளைகள்தான் போய்ச் சேரவில்லை. தேனி ரோட்டைத் தாண்ட யார் அனுப்புவார்கள்? ஒருநாள் கண்மாய்க் கரையில் ஆட்டுக்காரம்மாவின் மகளைப் பார்த்தோம். சீருடைப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அம்மாவின் கம்பை வைத்து ஆடுகளை மடக்கிக்கொண்டிருந்தாள். "ஸ்கூலுக்குப் போகலையாத்தா?" என்று மதினி கேட்டதற்கு, "ரோட்டத் தாண்ட ஆத்தா விடமாட்டேங்குது, எனக்கு ஒன்னும் வேணாம்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். மதினியும் இப்படித்தான், அதே பாவாடையோடுதான், ஒருகாலத்தில் களையெடுக்கப் போனாள். அவள் அன்று ராச்சோறு சாப்பிடவில்லை.

மறுபடியும் அதிகாரியிடம் போனோம். தூரத்துப் பிள்ளைகளை ஏற்றிப்போக வண்டி வைத்துக்கொள்ளலாம், அரசு பணம் கொடுக்கும், உள்ளூரில் வண்டி பார்த்து ஊராட்சித் தீர்மானத்தோடு எழுதிக்கொடுங்கள் என்றார். மதினி முகத்தில் வெளிச்சம் வந்து அப்படியே அணைந்ததை நான் பார்த்தேன். எங்கள் ஊரில் வண்டி ஒன்றுதான். உசிலம்பட்டி ஆட்டோக்காரர்களிடம் கெஞ்சினாள். காலை நேரத்துச் சவாரியை விட்டுவிட்டு இந்தக் காட்டுக்கு எவன் வருவான் என்றார்கள். டி. கல்லுப்பட்டியில் ஒரு சொந்தக்காரர் வேன் வைத்திருந்தார், அவரும் கையை விரித்துவிட்டார்.

கடைசியில், ஒரு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத புருஷனிடம் போய் அவளே நின்றாள். அண்ணன் சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். அவன் வண்டி துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டான்.

"கோட்டி பிடிச்சிருச்சாடி ஒனக்கு? பள்ளிக்கூடத்தப் பூட்டிப்புட்டு, அந்தப் புள்ளைகள ஏத்தியே காசு பாக்குறாய்ங்கன்னு ஊரு காறித் துப்பும்."

"துப்பும்" என்றாள் மதினி. "ஒங்க மேல துப்பாது. கையெழுத்து என்னுது."

அண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அந்த ஒரு வருஷத்தில் அவன் அவளைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "உசிலம்பட்டி நடைக்கு முன்னாடி ஒரு நடை அடிச்சிருங்க. ரோட்டத் தாண்டி, ஸ்கூல் வாசல்லயே எறக்கி விடணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எந்தப் பள்ளியைக் காப்பாற்ற வீட்டையே இரண்டாக்கினாளோ, அந்தப் பள்ளி மூடியதில் எங்கள் வீட்டுக்கு லாபம் என்று ஆகும்படி, வண்டிக்கான தீர்மானத்தைத் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். போடாவிட்டால் பிள்ளைகள் ஆட்டுக்குப் பின்னால் போயிருப்பார்கள். எப்படிப் பார்த்தாலும் அவளுக்கு வேறு வழி இருந்ததாக எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அண்ணன் சொன்னது அப்படியே நடந்தது. டீக்கடையில், குழாயடியில், கோயில் கொடையில், எங்கே போனாலும் அந்தப் பேச்சுத்தான். அரசுப் பணம் ஒழுங்காக வந்ததா என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

நான் எப்படியோ அந்த வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டேன். மதுரையில் கோச்சடைப் பக்கம் ஒரு துணிக்கடையில் கணக்குப் பார்க்கிறேன், வாடகை வீடு, என் சோறு என் சோறு. மதினியால் அப்படி எங்கும் போக முடியாது. அவள் பதவிக்காலம் முடிந்துவிட்டது, ஊராட்சியை இப்போது தனி அலுவலர் பார்க்கிறார். பூட்டிய பள்ளிக்கூடத்துக்குள் குப்பை அள்ளுகிற பேட்டரி வண்டிகளை நிறுத்தியிருக்கிறார்கள். அவள் மகளும் ஆட்டுக்காரம்மாவின் அந்த மகளும் பக்கத்து ஊர்ப் பள்ளியில் படித்து முடித்து, இப்போது உயர்நிலைப் பள்ளிக்கு ஒரே பஸ்ஸில் போகிறார்கள். வேன் மட்டும் தினமும் சின்னப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ரோட்டைத் தாண்டுகிறது. மதினி காலையில் வாசலுக்கு வந்து, ஒவ்வொரு பிள்ளையும் ஏறிவிட்டதா என்று பார்த்துக் கதவைச் சாத்திய பிறகுதான் வண்டி நகரும்.

போன பொங்கல் கழித்து ஊரில் இருந்தபோது நானும் அவள் பக்கத்தில் நின்றேன். ஆட்டுக்காரம்மா தன் கடைசி மகளைத் தூக்கி வண்டிக்குள் உட்காரவைத்து, பையை மடியில் வைத்து, தலையைத் தடவிவிட்டாள். பிறகு இறங்கி நடந்துகொண்டே, பக்கத்தில் வந்தவளிடம் எங்கள் காதில் விழும்படி சொன்னாள்: "பள்ளிக்கூடத்தப் பூட்டி வண்டி ஓட்டுற வீடுல்ல. இவுகளுக்கென்ன கொற."

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "கேட்டுக்கிட்டுச் சும்மா நிக்கிறீக மதினி! யாரால அவ புள்ளைக படிக்குதுன்னு நாலு வார்த்த கேட்டாத்தான் என்ன?"

மதினி வண்டிக் கதவை இழுத்துச் சாத்தினாள். சரியாக மாட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை தள்ளிப் பார்த்தாள்.

"பேசட்டும்த்தா. புள்ளைய ஏத்தி விட்டுட்டுத்தான பேசுறா."