கிணற்று வீட்டுப் பானை

ஆடி மூன்றாம் ஞாயிறு எங்கள் ஊர் அம்மனுக்குக் கூழ் வார்த்தார்கள். என்னை யாரும் அழைக்கவில்லை. அதனால்தான் போனேன்.

கரையான்சாவடியில் மகன் வீட்டிலிருந்து எட்டு மணிக்குக் கிளம்பினேன். ஆவடி வரை பஸ், பெண்களுக்கு இலவசம். மடியில் கூழ்ப்பானை. "இன்னா ஆயா, சூடா கீதா? கால்ல ஊத்திக்காத" என்றார் கண்டக்டர். அன்று காலையிலிருந்து என்னிடம் பேசிய முதல் ஆள் அவர்தான். ஆவடியிலிருந்து திருமுல்லைவாயிலுக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். அப்புறம் ஏரிப்பக்கம் பத்து நிமிட நடை.

சின்னக் கோயில். வேப்பமரத்தடியில் வெறும் கல்லாக இருந்தவளுக்கு எங்கள் தெருக்காரர்கள் மண் சுமந்து கட்டியது. எந்த வீடு சுமக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். திருவிழாவன்று ஒவ்வொரு வீட்டின் பெயராகக் கூப்பிடுவார்கள். அந்த வீட்டுப் பெண் தன் கூழைப் பெரிய அண்டாவில் ஊற்றுவாள். எல்லாம் கலந்த பிறகுதான் படையல். நாங்கள் கிணற்று வீடு. அதைக் கொழுந்தன் விற்றுவிட்டான். அவன் சாவுக்கு நான் போகவில்லை. அங்கே இப்போது ஐந்து மாடி.

இந்த வருடம் மைக்கில், "ஏ பிளாக்! பி பிளாக்!" என்று கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர் மதுரைப் பக்கத்துக்காரர், புதுக் குடித்தனம். என் பானையைப் பார்த்து, "ஆத்தா, வாங்குற வரிசை அங்கிட்டு. பானை நிறைய எல்லாம் தர முடியாது" என்றார்.

"வாங்க வரல. ஊத்த வந்தேன்."

"எந்த பிளாக்கு?"

திரும்பிவிடலாம் என்று பானையைத் தூக்கினேன்.

பந்தல் கால் ஓரம் பிளாஸ்டிக் நாற்காலியில் ராசம்மா. நான் மூன்று முறை புடைத்த கேழ்வரகில் கல் இருக்கிறதென்று ஊர் நடுவில் சொன்னவள். அன்றோடு பேச்சு நின்றது. அப்போது கைக்குழந்தையாக இருந்த என் மகனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது.

"அவ கெணத்தூடு" என்றாள் மைக் பிடித்தவரிடம். "ஏத்தக்காரர் வூட்டுக்கு அடுத்த பானை அவளுது. கூப்புடு. நான் அவகூட பேசறதில்ல, நீயே சொல்லிடு."

"கிணத்து வீடு!" என்று மைக் கத்தியது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஊற்றினேன்.

வீடு திரும்பி வெறும் பானையைக் கழுவிக் கவிழ்த்தேன். எங்கே போனாய் என்று யாரும் கேட்கவில்லை.

இனி அங்கே கூழ் வார்க்கும் நாளில் போகிறவர்கள் ஒன்பதரைக்குள் போய்விடுங்கள், குடிக்க டம்ளர் எடுத்துப் போங்கள். நீங்கள் எந்த வீடு என்று சொல்ல அங்கே ஒருவராவது இருக்கும்போதே போங்கள். ராசம்மாவை நாற்காலியோடு தூக்கி வந்துதான் உட்காரவைத்தார்களாம். அடுத்த ஆடிக்கும் அவள் இருக்க வேண்டும். அவளிடம் பேசமாட்டேன். ஆனால் இருக்க வேண்டும்.