ரேடியோ அண்ணனுக்கு ஒரு பாலிசி

என் அண்ணனுக்குத் தெருவில் ரேடியோ என்று பெயர். வாஷிங் மெஷின் பழுதுபார்ப்பது தொழில். போகிற வீட்டில் டிரம்மைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த வீட்டு மாமியார் மருமகள் பஞ்சாயத்தையும் தீர்த்துவைத்துவிட்டுத்தான் கிளம்புவான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவன் தொழில் தெரியாமலிருந்தாலும் பிழைத்திருப்பான்.

அந்த ரேடியோ ஒருமுறை நின்றுபோனது. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு காலையில் அண்ணியிடம், "நான் இல்லாட்டி நீயும் பாப்பாவும் நிம்மதியா இருப்பீங்க" என்றான். அண்ணி அவனைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். மனச்சோர்வு என்று சொல்லி, சில வாரங்கள் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் "வேலையா வெளியூர் போயிருக்கார்" என்று சொன்னோம். மாத்திரையும் ஆலோசனையுமாக மெல்லத் தேறி, மறுபடி ஸ்பேனரைக் கையில் எடுத்தான். அவன் வாய் திரும்பி வந்த அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சில வருஷம் நன்றாகப் போனது. அப்புறம்தான் ஆயுள் காப்பீடு எடுக்க வேண்டும் என்று ஆரம்பித்தான். மகள் சின்னவள், அண்ணிக்குத் தனி வருமானம் கிடையாது. முதல் கம்பெனி மாத்திரை என்ற சொல்லைக் கேட்டதுமே கையை விரித்தது. இரண்டாவது கம்பெனி சொன்ன தொகையைக் கேட்டு, "இதுக்குச் சாகாம இருக்கறதே லாபம்" என்று சிரித்தான். சிரித்தானே தவிர, முகம் வாடிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஆபீஸ் வாசலில் நின்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். சர்க்கரைக்கு மாத்திரை போட்டால் பொறுப்பானவன், மனசுக்குப் போட்டால் ஆபத்தானவனா?

கடைசியில், ரிப்பேருக்குப் போன வீட்டிலேயே ஒரு காப்பீட்டு முகவர் அம்மாள் கிடைத்தார். வழக்கம்போல அவரிடம் தன் கதை முழுவதையும் கொட்டியிருக்கிறான்.

"எதையும் மறைக்காதீங்க தம்பி. மறைச்சா நாளைக்கு உங்க வீட்டம்மாவுக்கு ஒரு காசு வராம போயிடும். ஒழுங்கா மருந்து சாப்பிடறீங்க, வேலைக்குப் போறீங்கன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்குங்க. எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி இல்ல" என்றாராம்.

அவர் காட்டிய திட்டத்தில் தவணை குறைவு. ஆனால் காலம் முடிந்து ஆள் நல்லபடியாக இருந்தால், கட்டிய பணம் திரும்பி வராது. டாக்டர் கடிதத்தோடு விண்ணப்பமும் போட்டாயிற்று. கம்பெனியிலிருந்து போன் செய்து சில கேள்விகள் கேட்பார்கள், அது ஒன்றுதான் பாக்கி.

போன் வந்ததாகவே தெரியவில்லை. அண்ணன் ஈரக்கையோடு வேலை பார்ப்பவன் என்பதால் தொழில் போன் எப்போதும் அண்ணியிடம்தான் இருக்கும். ஒருநாள் நான் அங்கே இருந்தபோது அது அடித்தது.

"அவர் இல்லைங்க. வேலையா வெளியூர் போயிருக்கார்" என்றாள் அண்ணி. அண்ணனோ பின்னறையில் ஒரு மோட்டாருக்குப் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தான்.

"யாரு அண்ணி?"

"காப்பீட்டுக் கம்பெனி."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எத்தனை தடவை இப்படிச் சொன்னீங்க? அவன் நாய் படாத பாடு பட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கான். நீங்களே கெடுத்தா, விண்ணப்பத்தைத் தூக்கிப் போட்டுடுவாங்க."

"போடட்டும்." போனைக் கவிழ்த்து வைத்தாள். "அன்னைக்கும் நாங்க நிம்மதியா இருப்போம்னுதான் சொன்னார். இப்பவும் எங்களுக்காக எல்லாம் ஏற்பாடு பண்றார். பண்ணி முடிச்சுட்டார்னா?"

கருமித்தனம் என்றோ வெட்கம் என்றோதான் நினைத்திருந்தேன்.

அண்ணன் கிரீஸ் கையோடு வாசற்படியில் நின்றிருந்தான். "நீ பயப்படறதுல தப்பில்ல" என்றான். "அன்னைக்கு, நான் இல்லாட்டி உங்களுக்கு நல்லதுன்னு தோணுச்சு. இப்ப, நான் இல்லாட்டி நீங்க திண்டாடிப் போவீங்கன்னு தெரியுது. அதனாலதான் இதைக் கேக்கறேன். மறுபடி அப்படித் தோணுச்சுன்னா முதல்ல உன்கிட்டதான் வந்து சொல்லுவேன்."

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளே கம்பெனிக்குப் போன் போட்டுக் கொடுத்தாள். அவர்கள் ஒன்று கேட்டால் இவன் ஒன்பது சொன்னான், ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர் விட்ட குறட்டை உட்பட. பாலிசி வந்தது. தவணை மற்றவர்களுக்குப் போடுவதைவிடக் கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் கைக்கு அடங்கிய தொகை.

முதல் தவணையைக் கட்டிவிட்டு வந்த அன்று அண்ணி என்னிடம் சொன்னாள்: "கட்டுற காசு அத்தனையும் தண்டமாப் போகணும். இந்த மனுஷன் கிழவனாகி, பேசிப் பேசியே என் உயிரை எடுக்கணும்."