ஏகாம்பரத்தின் மணிலா வாத்துகள்

செவ்வாய்க்கிழமை காலை, வாத்துகளுக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தபோது ஏகாம்பரத்தின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அவர் பக்கத்து வீட்டுப் பெண். "நேத்து மத்தியானம் துன்னுட்டுப் படுத்தவரு எயுந்துக்கவே இல்லமா. போன்ல உங்க பேருதான் மொதல்ல இருந்துச்சு."

தேனாம்பேட்டை அலுவலகத்தில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு அவரை ஜீப் ஓட்டுநராகத் தெரியும். அதிர்ந்து பேசாத மனிதர். மனைவி இறந்த பிறகு, அடையாற்றங்கரை வீட்டில் அவர் மூன்று மணிலா வாத்துகள் வளர்த்தது சிலருக்கே தெரியும். "இதுங்க கத்தாது மேடம். உஸ்ஸுன்னு மூச்சுதான் வுடும். அக்கம்பக்கம் தொந்தரவில்ல" என்பார்.

ஏழு வருஷங்களுக்கு முன் கரையோர வீடுகளை இடித்து, எல்லோரையும் ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். அந்த வாரம் மந்தைவெளியில் என் வீட்டு வாசலில் கூடையோடு வந்து நின்றார்.

"மூணாவது மாடி மேடம். வாத்தெல்லாம் ஆவாதுன்ட்டாங்க. கறிக்குக் கேக்கறாங்க, மனசு வரல. கொஞ்ச நாளு உங்க கொல்லைல இருக்கட்டுமா?"

நான் ஓய்வு பெற்று, கணவரையும் இழந்து தனியாக இருந்தேன். சரி என்றேன். குளத்துக்கு எங்கே போவது என்றுதான் கேட்டேன்.

"கொளம் இன்னாத்துக்கு? தலய முக்கி எடுக்க ஒரு தொட்டி கீதுன்னா போதும். படுக்கற எடம் மட்டும் ஈரமாவக் கூடாது."

அன்றே கூண்டு கட்டினார். தரையிலிருந்து ஒரு முழம் உயரம், பெருச்சாளி நுழையாத கம்பிவலை, தகரக் கூரை, ஏறி உட்கார ஒரு கட்டை. அதன் பிறகு ஞாயிறுதோறும் இரண்டு பஸ் மாறி வந்து வைக்கோல் மாற்றுவார். காப்பி குடிப்போம். அதிகம் பேசமாட்டோம்.

ஒரு ஞாயிறு எதிர்வீட்டு மாமி மாடியிலிருந்து கத்தினாள்: "உங்காத்து வாத்து எங்காத்து மொட்டமாடில உக்காந்துண்டிருக்கு! வத்தலயெல்லாம் மிதிச்சுடுத்து!" ஏகாம்பரம் மேலே போய்ப் பெட்டையைத் தூக்கி வந்து, ஒரு பக்க இறகின் நுனியை மட்டும் வெட்டினார். "வலிக்காது, திரும்ப மொளச்சிடும்" என்று அதனிடம்தான் சொன்னார். வெகுநேரம் மடியிலிருந்து இறக்கவில்லை.

செவ்வாயன்று அவர் வீட்டுக்குப் போனேன். அதுதான் முதல் முறை. பால்கனியில் ஒரு கூண்டு இருந்தது. அதே கம்பிவலை, அதே கட்டை. உள்ளே வாத்து இருந்த சுவடே இல்லை.

"வாத்து ஆவாதுன்ன கீய் வூட்டுக்காரங்களே ரெண்டு வருசம் மின்னாடி வெச்சிக்கச் சொல்லிட்டாங்க" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். "ஆசையா கூண்டு கட்டினாரு. உங்க வூட்லேர்ந்து அதுங்கள இட்டாரப் போன அன்னிக்கு வெறுங்கையா வந்தாரு. கேட்டா, 'அதுங்ககிட்டதான் அந்தம்மா நாலு வார்த்த பேசிக்கினு கீது, எப்டி தூக்கினு வர்றது'ன்னாரு."

அவருக்கு நான் உதவி செய்துகொண்டிருப்பதாகவே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். 'உங்கள் வீட்டுக்கு ஒரு நாள் வரட்டுமா' என்று நான் கேட்கவில்லை. வாங்க என்று கூப்பிட அவருக்கும் கூச்சமாக இருந்திருக்கும்.

வாத்துகள் என்னிடம் இருக்கின்றன. அவர் வீட்டுப் படி ஏறாத அந்த ஏழு வருஷமும் என்னிடம்தான் இருக்கிறது.