போனுக்கு எப்படித் தெரியும்?

ஐ.பி. போனை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு எடுத்துச் சென்றால், அதில் பேசும் முன், அந்த எண்ணோடு பதிந்திருக்கும் முகவரியை மாற்ற வேண்டும். பயிற்சிக் கையேட்டில் பதினோராம் விதி இது. எனக்கு மனப்பாடம். எழுதியவனே நான்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. தொலைபேசி வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த என்னை, மதுரை பழங்காநத்தம் பக்கத்தில் ஒரு பயிற்சி மையத்தில் வகுப்பெடுக்க அழைத்தார்கள். பழைய எக்ஸ்சேஞ்சுகளை மூடி, எல்லாவற்றையும் இணையம் வழியே பேசும் புதிய வலையமைப்புக்கு மாற்றிக்கொண்டிருந்த நேரம். செம்புக் கம்பியோடு காலம் கழித்த இருபது ஊழியர்களுக்கு ஐந்தே நாளில் ஐ.பி. தொலைபேசியைப் புரியவைக்க வேண்டும். வகுப்பில் மணி அடிக்கக் கூடாதென்று எல்லோருடைய செல்போனையும் வாங்கி, வெளியே அலமாரியில் பூட்டச் சொல்லியிருந்தேன். என்னுடையதையும்தான். விதி என்றால் எல்லோருக்கும் விதி.

முதல் நாளே, கொட்டாம்பட்டிப் பக்கமிருந்து வந்திருந்த ஒரு பெண் டெக்னீஷியன் கையைத் தூக்கினார்.

“சார், இந்தப் போனத் தூக்கிக்கிட்டுக் கீழக்குயில்குடி மலை மேல ஏறுனாலும் இதே நம்பர்தானா?”

“நெட் கிடைச்சா அதே நம்பர்தாம்மா.”

“அப்ப நாம எங்க இருக்கோம்னு போனுக்கு எப்படித் தெரியும்?”

லேண்ட்லைனில் இந்தக் கேள்வியே எழாது. கம்பி எந்த வீட்டுக்குப் போகிறதோ அதுதான் முகவரி. ஐ.பி. போனுக்குச் சொந்த ஊர் கிடையாது. நாம் பதிந்து வைப்பதுதான் ஊர். பதினோராம் விதி அதற்காகத்தான். ஆனால் கையேட்டில் அது கடைசிப் பக்கம். “அது அஞ்சாம் நாள் பாடம்மா. இன்னைக்கு முதல் நாள்” என்றேன்.

கடைசி பெஞ்சில் அதே ஊர்க்காரர் ஒருவர். கேபிள் ஒட்டுபவர், ஓய்வுக்குச் சில வருடமே பாக்கி. “ஏத்தா, போனுக்கே தெரியாதது நமக்கெதுக்கு? டீ ஆறிப்போகும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

மூன்றாம் நாள் முற்பகல் அந்த மனிதருக்குத்தான் சட்டை முழுக்க வேர்த்தது. “வாய்வுதேன் சார், காலைல பூரி” என்றவர் அப்படியே பெஞ்சிலிருந்து சரிந்தார்.

செல்போன்கள் அலமாரியில். சாவியோடு உதவியாளர் தபாலாபீசில். அதனால் என்ன, மேசை மேல் என் ஐ.பி. போன் இருந்தது. அவசர உதவி எண்ணை அழுத்தினேன்.

“டெலிபோன் ட்ரெய்னிங் சென்டர்தான சார்? அட்ரஸ் இங்க வந்துட்டு. வண்டி கெளம்பிட்டு, கேட்ல நில்லுங்க.”

முகவரியைக் கேட்கக்கூட இல்லை. பார்த்தீர்களா தொழில்நுட்பத்தை என்று வகுப்பைப் பார்த்துச் சொன்னேன். அந்த நேரத்திலும் சொன்னேன். ஆட்டோவில் தூக்கிப் போகலாம் என்று இரண்டு பேர் குனிந்தபோது, ஆம்புலன்ஸ் வரும்வரை நோயாளியை அசைக்கக் கூடாது என்று முதலுதவி விதியைச் சொல்லித் தடுத்தவனும் நானே.

பத்து நிமிடம் ஆயிற்று. பதினைந்தும் ஆயிற்று. கூப்பிடு தூரத்தில் ஆஸ்பத்திரி இருந்தும் வண்டி வரவில்லை. தரையில் கிடந்தவரின் உதடு வெளுத்துக்கொண்டே போனது. அவர் கையைப் பிடித்திருந்த அந்தப் பெண் திடீரென்று நிமிர்ந்தார்.

“சார், இந்தப் போன் போன வாரம் எங்க இருந்துச்சு?”

நெல்லையில். அங்கேயும் ஒரு பயிற்சி மையம். அங்கேயும் இதே பாடம், இதே வாத்தியார். பெட்டியில் போட்டு மதுரைக்குக் கொண்டு வந்தவன் முகவரியை மாற்றவில்லை. போனில் பேசியவரின் பேச்சில் நெல்லை வாடை அடித்ததும் அப்போதுதான் உறைத்தது.

“நெல்லைல” என்றேன்.

அவர் திட்டவில்லை. “திரும்பப் போட்டாலும் அங்கனதேன் போகும்” என்று எழுந்து ரோட்டுக்கு ஓடினார். போய்க்கொண்டிருந்த ஷேர் ஆட்டோவுக்குக் குறுக்கே நின்றார். “அண்ணே, ஒரு உசுருண்ணே!” உள்ளே இருந்த நான்கு பேரும் ஒரு வார்த்தை கேட்காமல் இறங்கினார்கள். கையில் காய்கறிப் பையோடு இருந்த ஒருவர், பையை ரோட்டிலேயே வைத்துவிட்டு வந்து கால் பக்கம் தூக்கினார்.

மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார். “நேரத்துக்குக் கொண்டாந்தீங்க” என்றார் டாக்டர்.

மாலையில் வகுப்புக்குத் திரும்பினேன். காலி அறையில் அந்தப் போன் அடித்துக்கொண்டிருந்தது. நெல்லை மையத்தின் வாட்ச்மேன்.

“மத்தியானத்துலேந்து அடிக்கேன் சார். ஆம்புலன்ஸ்காரங்க ஸ்ட்ரெச்சரோட வந்து தேடிட்டுப் போறாவ. யாருக்கு மேலுக்குச் சரியில்ல?”

“எனக்குத்தான்யா” என்றேன்.

அங்கே அந்நேரம் உண்மையாகவே அந்த வண்டி தேவைப்பட்டவர் யாரும் இருந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்றே தலைமையகத்துக்குக் கடிதம் எழுதினேன். ஒன்று, பதினோராம் விதியை மீறிய என் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும். இரண்டு, ஐந்தாம் நாள் பாடத்தை முதல் நாள் முதல் மணிக்கு மாற்ற வேண்டும். முதல் நாளே அதைக் கேட்டவர் இன்னார் என்று பெயரையும் எழுதினேன். பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். இன்னொன்றும் அனுப்பினேன். இடையில், அனுமதி வராமலே, ஒவ்வொரு வகுப்பையும் அந்தப் பெண்ணின் கேள்வியைக் கரும்பலகையில் எழுதித்தான் தொடங்கினேன். தெரிந்தே நான் நடைமுறையை மீறியது வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

கடைசியில் பதில் வந்தது. பாட மாற்றம் ஏற்கப்பட்டது. ஒப்பந்தப் பயிற்சியாளர் மீது நடவடிக்கை எடுக்க விதியில் இடமில்லை. அப்படியானால் மன்னிக்கவும் இடமில்லை என்று புரிந்துகொண்டு, கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்தபடி கொட்டாம்பட்டிக்கு பஸ் ஏறினேன். அன்றுதான் அங்கே அந்த மனிதருக்குப் பணி ஓய்வு விழா. கழுத்து நிறைய மாலையோடு கடிதத்தைப் படித்தவர், பக்கத்தில் நின்ற அந்த டெக்னீஷியன் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். “ஏத்தா, ஒரு கேள்வி பாஸாக இம்புட்டு வருசமா? நல்லவேளை, நான் இவுக பதிலுக்குக் காத்துக் கெடக்கல.”

கேள்வி கேட்கிறவரிடம் ‘அது அஞ்சாம் நாள்’ என்று இப்போதெல்லாம் நான் சொல்வதில்லை. சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அந்தப் பதில் வந்த தேதி குறுக்கே வந்து நிற்கிறது: மே முப்பத்தொன்று, அவர் பணி ஓய்வு பெற்று, தன் காலால் நடந்து வீட்டுக்குப் போன நாள்.