ஐந்தாம் வகுப்பின் ஒரே விசிறி

திருச்சியில் கோடைக்காலம் என்று ஒன்று உண்டு எனப் பலரும் நம்புகிறார்கள். இந்தப் பிழையைத் திருத்துவது ஆசிரியன் என்ற முறையில் என் கடமை. காலம் என்றால் முடிய வேண்டும். இங்கே அது முடிந்து நான் பார்த்ததில்லை.

ஸ்ரீரங்கத்துப் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். வகுப்பில் ஒரே மின்விசிறி. இன்னொன்று கேட்டபோது தலைமையாசிரியை சொன்னார்: “இருக்கிறதுக்கு நன்றியோட இருக்கப் பிள்ளைங்களுக்குக் கத்துக்குடுங்க சார். அப்புறம் பார்க்கலாம்.” ஆக, இரண்டாவது விசிறி என் நன்னெறி வகுப்பைப் பொறுத்தது. ஆசிரிய நண்பர்களே, இப்படிப்பட்ட பேரத்தில் நீங்களும் மாட்டியிருப்பீர்கள்.

காற்று

அருமை தெரியட்டும் என்று ஒரு பீரியட் முழுக்க விசிறியை நிறுத்தினேன். பிள்ளைகள் நோட்டு அட்டையால் வீசி, யார் காற்று பலம் என்று போட்டி வைத்துக் கூத்தடித்தார்கள். நனைந்தது என் சட்டை மட்டும். “விசிறி இல்லாமல் எவ்வளவு கஷ்டம், பார்த்தீர்களா!” என்றேன். கோயில் அர்ச்சகர் வீட்டுப் பெண் வைதேகி எழுந்து ஆறுதல் சொன்னாள்:

“பெருமாளே வெயில் தாங்காம கோடைத் திருநாள் கொண்டாடறார். நீங்க எந்த மூலைக்கு சார்?”

தண்ணீர்

மறுநாள், வராந்தாக் குழாயை மூடிவிட்டு, மைதானத்து அடிபம்பில் அடித்துத்தான் குடிக்க வேண்டும் என்றேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வகுப்பே தாகத்தால் தவித்தது. போனவர்கள் தலை முதல் கால் வரை நனைந்து திரும்பினார்கள். முன்வரிசை இப்ராஹிம் கண் கலங்கக் கேட்டான்:

“நாளைக்கும் குழாயை மூடிருவீங்கள்ல சார்?”

வீட்டுப்பாடம்

வீட்டில் ஒரு வசதியை நிறுத்திப் பார்த்து, அதன் அருமையை உணர்ந்து வரச் சொன்னேன். மறுநாள் காலை கார்த்திக்கின் அப்பா வாசலில் நின்றார். அரியமங்கலத்தில் லேத் பட்டறையில் வேலை. கண்கள் சிவந்திருந்தன.

“நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து படுத்தா, ஃபேனை நிறுத்திட்டு ‘நன்றி வந்துச்சாப்பா, நன்றி வந்துச்சாப்பா’ன்னு உலுக்குறான் சார். உங்களுக்கு நாங்க என்ன பாவம் பண்ணோம்?”

பரிசோதனை

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை பார்வையிட வந்தார். விசிறியை நிறுத்தி வைத்திருந்தோம். பிள்ளைகள் பூரிப்போடு அட்டை வீசிக்கொண்டிருந்தார்கள். நான் பூரிப்போடு இரண்டாவது விசிறியை மாட்ட உத்தரத்தில் இடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பிரமாதம் சார்! விசிறியே இல்லாம எவ்வளவு சந்தோஷமா இருக்குங்க! என் ரூம் ஃபேன் வேற ஓடமாட்டேங்குது.”

திங்கட்கிழமை எலெக்ட்ரீஷியன் ஏணியோடு வந்து எங்கள் விசிறியைக் கழற்றினார். வகுப்பு முழுவதும் எழுந்து, அண்ணாந்து, “இத்தனை நாள் காத்து குடுத்ததுக்கு நன்றி!” என்று ஒரே குரலில் விடை கொடுத்தது.

இப்போது ஐந்தாம் வகுப்பு வேப்பமரத்தடியில் நடக்கிறது.